அதிரச மாவு பிசைந்த கைக்கு குக்கீ மாவு புதிதல்ல

இந்த மாதம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைப் பற்றித்தான். கோதுமையும் வேண்டாம், பாலும் வேண்டாம், ஆனால் சாக்லேட் சிப் குக்கீ வேண்டும், வீட்டிலேயே வேண்டும். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த மாதத்துக்கு ஒதுக்கிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: என் மகளுக்கு எட்டு வயது. சீலியாக் நோய் என்று மூன்று மாதம் முன்பு உறுதியானது. கோதுமையை அடியோடு நிறுத்தச் சொன்னார்கள், பாலையும் கொஞ்ச காலத்துக்கு வேண்டாம் என்றார்கள். வகுப்பில் யாருக்காவது பிறந்தநாள் என்றால் குக்கீ கொடுக்கிறார்கள், இவள் சாப்பிடாமல் பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்து தம்பிக்குக் கொடுக்கிறாள். பார்க்கவே முடியவில்லை. வீட்டில் செய்து கொடுக்க முடியுமா? பாலை ஏன் நிறுத்தச் சொன்னார்கள்? (ஈரோட்டிலிருந்து ஒரு அம்மா)

முடியும். நன்றாகவே முடியும். முதலில் பால் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நிறைய பேர் அதில்தான் குழம்புகிறார்கள். சீலியாக் உள்ளவர்கள் கோதுமையில் இருக்கும் குளூட்டன் என்ற புரதத்தைச் சாப்பிட்டால் உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் சிறுகுடலையே தாக்குகிறது. குடலின் உள்பக்கத்தில் விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய பகுதிகள் தேய்ந்துபோகின்றன. பாலில் இருக்கும் லாக்டோஸ் என்ற சர்க்கரையைச் செரிக்கும் நொதி அந்த விரல்களின் நுனியில்தான் இருக்கிறது. நுனி தேய்ந்தால் நொதியும் குறைந்துவிடும், பால் குடித்தால் வயிறு உப்பும், பேதி ஆகும். கோதுமையை முழுக்க நிறுத்திச் சில மாதங்களில் குடல் ஆறிவிட்டால் பெரும்பாலும் பாலும் திரும்ப ஒத்துக்கொள்ளும். அதனால் பால் தடை உங்கள் மகளுக்கு நிரந்தரமாக இருக்க வேண்டும் என்பதில்லை, எப்போது திரும்ப ஆரம்பிக்கலாம் என்று டாக்டரைக் கேளுங்கள். கோதுமைத் தடை மட்டும் ஆயுசுக்கும் உண்டு.

சரி, குக்கீ. தராசு இருந்தால் எடுத்து வையுங்கள். கப் கணக்கில் அரிசி மாவை அளந்தால் ஒரு நாள் அமுக்கி அளப்போம், ஒரு நாள் தளர்வாக அளப்போம், குக்கீ ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி வரும். நைசான பச்சரிசி மாவு 120 கிராம், பாதாமைப் பொடித்துச் சலித்த மாவு 60 கிராம், கார்ன்ஃப்ளார் அல்லது மரவள்ளி ஸ்டார்ச் 30 கிராம், ஆப்பச் சோடா அரை டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூனுக்குக் கொஞ்சம் குறைவாக, இவற்றை ஒன்றாகக் கலந்து இரண்டு தடவை சலித்துக்கொள்ளுங்கள். வேறொரு பாத்திரத்தில் தேங்காய் எண்ணெய் 80 கிராம், கட்டியில்லாமல் சலித்த நாட்டுச் சர்க்கரை 110 கிராம், வெள்ளைச் சர்க்கரை 40 கிராம், ஒரு முட்டை, ஒரு மேசைக்கரண்டி தண்ணீர், ஒரு டீஸ்பூன் வெனிலா எசென்ஸ் சேர்த்து, எண்ணெய் தனியாகப் பிரியாமல் கெட்டியாகி வரும்வரை அடியுங்கள். மாவைக் கொட்டிக் கரண்டியால் கலந்தால் போதும். கடைசியில் பொடியாக நறுக்கிய டார்க் சாக்லேட் 120 கிராம். பாதாம் பொடிக்கும்போது மிக்சியை விட்டுவிட்டு ஓட்டுங்கள், தொடர்ந்து ஓட்டினால் எண்ணெய் விட்டு களிம்பாகிவிடும்.

இந்த மாவு பார்க்கத் தளர்வாக இருக்கும். பயந்து மேலும் மாவு சேர்க்காதீர்கள். மூடி ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள், குறைந்தது ஒரு மணி நேரம், முடிந்தால் ராத்திரி முழுக்க. அப்புறம் 30 கிராம் உருண்டைகளாக உருட்டி, பட்டர் பேப்பர் விரித்த தட்டில் இடைவெளி விட்டு வைத்து, முன்னமே 175 டிகிரி சூடான ஓவனில் 11 முதல் 13 நிமிடம். ஓரம் சிவந்து நடுவில் இன்னும் வேகாதது போலத் தெரியும்போதே எடுத்துவிட வேண்டும். எடுத்தவுடன் தொட்டால் உடைந்துவிடும், பத்து நிமிடம் அதே தட்டில் கிடக்கட்டும், ஆற ஆறத்தான் இறுகும். ஏறக்குறைய இருபது குக்கீ வரும்.

பள்ளியில் பாதாம், முந்திரி போன்றவற்றுக்குத் தடை இருந்தால் பாதாமுக்குப் பதில் பொட்டுக்கடலையை வீட்டிலேயே பொடித்துப் போடுங்கள், 45 கிராம் போதும். அதில் பாதாம் அளவுக்கு எண்ணெய்ப் பசை கிடையாது என்பதால் தேங்காய் எண்ணெயை ஒரு மேசைக்கரண்டி கூட்டிக்கொள்ளுங்கள். வாசனை கொஞ்சம் மாலாடு பக்கம் போகும், எனக்கு அது பிடித்திருக்கிறது.

கேள்வி: அளவெல்லாம் சரியாகத்தான் போட்டேன். ஓவனில் வைத்த ஐந்தாவது நிமிடமே எல்லாம் உருகி ஒன்றோடு ஒன்று ஒட்டித் தட்டு முழுக்க ஒரே தோசையாகிவிட்டது. எங்கே தப்பு? (சென்னை வாசகி)

தப்பு உங்கள் கையில் இல்லை, சென்னை வெயிலில் இருக்கிறது. தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரியிலேயே உருகிவிடும், வெண்ணெய் முப்பதைத் தாண்டினால்தான் முழுக்க உருகும். வெண்ணெய் போட்ட குக்கீ ஓவனுக்குள் போய் மெல்ல இளகும். அதற்குள் ஓரம் வெந்து பிடித்துக்கொள்ளும். நம் வீட்டில் தேங்காய் எண்ணெய் மே மாதம் பாட்டிலில் தண்ணீராக நிற்கிறது, மாவு ஓவனுக்குள் போகும்போதே உருகித்தான் போகிறது. குளிரவைத்தே ஆக வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான். உருட்டிய பிறகும் தட்டோடு பதினைந்து நிமிடம் ஃப்ரீசரில் வைத்து, நேராக ஓவனுக்கு மாற்றுங்கள்.

இன்னொன்றும் உண்டு. வெண்ணெயில் நூற்றுக்கு எண்பது பங்குதான் கொழுப்பு, மிச்சத்தில் பெரும்பகுதி தண்ணீர். தேங்காய் எண்ணெய் முழுக்கக் கொழுப்பு. வெண்ணெய் போட்ட குறிப்பை எடுத்து 100 கிராம் வெண்ணெய்க்கு 100 கிராம் எண்ணெய் என்று மாற்றினால் குக்கீ எண்ணெயில் மிதக்கும். எண்பது கிராம் எண்ணெய், ஒரு மேசைக்கரண்டி தண்ணீர், அதுதான் சரியான மாற்று. மேலே நான் சொன்ன அளவில் தண்ணீர் வந்ததும் அதனால்தான்.

கேள்வி: வாயில் போட்டால் மணல் மாதிரி நறநறவென்று இருக்கிறது, கையில் எடுத்தால் பொடிப்பொடியாக உதிர்கிறது. முட்டையும் சேர்ப்பதில்லை. இரண்டுக்கும் வழி சொல்லுங்கள். (கும்பகோணம் வாசகி)

கும்பகோணத்துக்காரருக்கு இதைச் சொல்வது எளிது. அதிரசத்துக்கு மாவு பிசைந்து உடனே தட்டிப் போடுவீர்களா? மாட்டீர்கள். பாகு கலந்த மாவை ஒரு நாளாவது, சில வீடுகளில் இரண்டு மூன்று நாள்கூட, மூடி வைத்துத்தானே எடுக்கிறோம். அரிசி மாவு கோதுமை மாவு மாதிரி சட்டென்று ஈரத்தை உறிஞ்சாது, ஒவ்வொரு துகளும் மெல்ல ஊற வேண்டும், ஊறாத துகள்தான் பல்லில் நறநறக்கிறது. குக்கீ மாவுக்கும் இதேதான் சட்டம். ராத்திரி பிசைந்து காலையில் சுட்டுப் பாருங்கள், அதே மாவு, அதே அளவு, வேறு குக்கீ கிடைக்கும். நம் பலகாரம் எல்லாம் அரிசி மாவில்தான், அதிரசம், முறுக்கு, தட்டை, இடியாப்பம் என்று குளூட்டன் இல்லாத மாவோடு நாம் தலைமுறை தலைமுறையாகப் பழகியிருக்கிறோம். அந்தப் பழக்கத்தை அப்படியே ஓவன் பக்கம் கொண்டுபோனால் போதும் என்பதுதான் என் கருத்து.

மாவின் நைசும் முக்கியம். பச்சரிசியை ஊறவைத்துத் துணியில் உலர்த்தி மிக்சியில் அரைத்துச் சல்லடையில் சலிப்பது நமக்குத் தெரிந்த வேலைதான், ஆனால் அந்த மாவு ஈரமாக இருக்கும். வெறும் வாணலியில் நிறம் மாறாமல் லேசாக வறுத்து ஈரத்தை ஓட்டிவிட்டு, ஆறவைத்து, இன்னொரு தடவை சலித்துப் போடுங்கள்.

உதிர்வதற்குக் காரணம் வேறு. கோதுமை மாவில் தண்ணீர் பட்டதும் அதிலுள்ள புரதங்கள் பின்னிக்கொண்டு ரப்பர் மாதிரி ஒரு வலையாகும், அந்த வலைக்குத்தான் குளூட்டன் என்று பெயர். அரிசியில் அது கிடையாது, எனவே வேறு ஏதாவது பிடித்துவைக்க வேண்டும். முட்டை சேர்க்காதவர்கள் ஒரு மேசைக்கரண்டி ஆளி விதைப் பொடியை மூன்று மேசைக்கரண்டி வெந்நீரில் கரைத்துப் பத்து நிமிடம் வைத்தால் கொழகொழவென்று வரும், ஒரு முட்டைக்கு அது ஈடு. அதோடு அரை டீஸ்பூன் இசப்கோல் சேர்த்தால் இன்னும் நன்றாகப் பிடிக்கும். அதற்கு மேல் இசப்கோல் போடாதீர்கள், குக்கீ ஜவ்வாகிவிடும். சாந்தன் கம் கிடைத்தால் கால் டீஸ்பூன்.

கேழ்வரகு மாவு சேர்க்கலாமா என்று இன்னும் நாலு பேர் கேட்டிருக்கிறார்கள். அரிசி மாவில் மூன்றில் ஒரு பங்கை எடுத்துவிட்டுக் கேழ்வரகு போடுங்கள், சாக்லேட்டோடு அது அருமையாகச் சேரும். கம்பு போட்டால் ஒரு கசப்பு தட்டும், எனக்குச் சரிப்படவில்லை.

கேள்வி: மில்லில் நாங்களே அரிசி கொடுத்து அரைத்து வாங்குகிறோம், கண்ணெதிரே அரைக்கிறார்கள். கடை மாவைவிட இது சுத்தம்தானே? (திருநெல்வேலி வாசகர்)

இந்தக் கேள்விக்காகத்தான் இந்த மாதம் முழுப் பக்கத்தையும் ஒதுக்கினேன் என்றே சொல்லலாம்.

சீலியாக் உள்ளவருக்கு அது சுத்தம் இல்லை. உங்கள் அரிசி சுத்தம், அரைப்பவர் நேர்மையானவர், எல்லாம் சரி. ஆனால் உங்களுக்கு முன்னால் வந்தவர் கோதுமை அரைத்துவிட்டுப் போயிருப்பார். கல்லிடுக்கிலும் குழாயிலும் மாவு விழும் துணிப்பையிலும் அது ஒட்டிக்கொண்டிருக்கும். எவ்வளவு இருந்துவிடப் போகிறது என்று தோன்றும். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி ஒரு கிலோ உணவில் குளூட்டன் 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, அப்போதுதான் அதைக் குளூட்டன் இல்லாதது என்று விற்கலாம். ஒரு கிராம் கோதுமை மாவில் ஏறக்குறைய 80 முதல் 100 மில்லிகிராம் குளூட்டன் இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரு கிலோ அரிசி மாவில் கால் கிராம் கோதுமை மாவு கலந்தாலே அந்த எல்லைக்கு வந்துவிடுகிறோம். கால் கிராம் என்பது விரல் நுனியில் ஒட்டும் அளவு.

என் அக்கா பையன் விஷயத்தில் இது நடந்தது. வீட்டில் கோதுமையே இல்லை, சப்பாத்திக் கட்டையைக்கூடத் தூக்கிப்போட்டாகிவிட்டது, ஆனால் ஆறு மாதம் கழித்து ரத்தப் பரிசோதனையில் சீலியாக்கைக் காட்டும் அளவு இறங்கவேயில்லை, பையன் எடையும் ஏறவில்லை. அக்கா தன்னைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தாள், பையன் எங்கோ ஒளித்துச் சாப்பிடுகிறான் என்று அவனையும் திட்டினாள். கடைசியில் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தபோது மில் மாவுதான் மிச்சம் நின்றது. அதை நிறுத்தி மிக்சியில் அரைக்க ஆரம்பித்த பிறகு அடுத்த பரிசோதனையில் இறங்கியது. அவனைத் திட்டியதை நினைத்து அக்கா இப்போதும் வருத்தப்படுகிறாள்.

முதலில் ஒரு கிலோ அரிசியை ஓட்டிக் கழித்துவிட்டு அப்புறம் நம்முடையதை அரைத்தால் போதாதா என்பார்கள். குறையும், போகாது. வீட்டு மிக்சியில் இதற்கென்று ஒரு தனி ஜார், தனிச் சல்லடை (சல்லடைக் கண்ணில் சிக்கிய மைதாவைக் கழுவி எடுக்கவே முடியாது), மரக் கரண்டியும் தனி. குக்கீ சுடும் நாளில் அதே சமையலறையில் சப்பாத்தி மாவு பிசையாதீர்கள், மாவு காற்றில் பறந்து வந்து உட்காரும். இன்னும் ஒன்று, குக்கீக்குச் சம்பந்தமில்லை, ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பல கம்பெனிகள் கோதுமை மாவு அல்லது மைதா கலக்கின்றன. டப்பாவின் பின்பக்கம் படியுங்கள். அரிசி மாவு கலந்த பெருங்காயமும் கிடைக்கிறது.

கேள்வி: நெய்யில் செய்யலாமா? உருக்கிக் காய்ச்சி வடிகட்டிய நெய்யில் பால் ஏது? (மதுரை வாசகி)

யாருக்கு என்பதைப் பொறுத்தது. லாக்டோஸ் மட்டும் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு நெய் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது, அதில் அந்தச் சர்க்கரை ஏறக்குறைய இல்லை. பால் அலர்ஜி உள்ள குழந்தைக்கு நெய் கொடுக்கவே கூடாது, அவர்களுக்கு எதிரி பாலின் புரதம், எவ்வளவு வடிகட்டினாலும் அதில் கொஞ்சம் நெய்யில் தங்கிவிடும். மார்ஜரின் என்றாலே பால் இல்லாதது என்று நினைத்தும் வாங்கிவிடாதீர்கள், பலவற்றில் பால் பொருள் சேர்க்கிறார்கள்.

கேள்வி: சாக்லேட் சிப்ஸ் வாங்கப் போனால் எல்லாவற்றிலும் பால் என்று போட்டிருக்கிறது. டார்க் என்று எழுதியதிலும் இருக்கிறது. கொக்கோ வெண்ணெய் என்று போட்டிருந்தால் வாங்கக் கூடாதா? (புதுச்சேரி வாசகி)

கொக்கோ வெண்ணெய் பால் வெண்ணெய் இல்லை, கொக்கோ விதையின் கொழுப்பு. தாராளமாக வாங்கலாம், சொல்லப்போனால் அது இருப்பதுதான் நல்ல சாக்லேட். காம்பவுண்ட் என்று போட்டு மலிவாக விற்கும் சிப்ஸில் அதற்குப் பதில் வேறு தாவர எண்ணெய் இருக்கும், அவற்றில் பலவற்றில் பால்பொடியும் சேர்ந்தே இருக்கும். பொருள் பட்டியலில் பால் திடப்பொருள், மோர்ப் புரதம், மால்ட் மூன்றையும் தேடுங்கள். மால்ட் பெரும்பாலும் பார்லியிலிருந்து வருவது, பார்லியிலும் குளூட்டன் உண்டு. பொரி, வேஃபர் வைத்த சாக்லேட்டுகளில் இது ஒளிந்திருக்கும். பால் இருக்கக்கூடும் என்று தனியாக ஒரு வரி போட்டிருந்தால், லாக்டோஸ் மட்டும் பிரச்சினை என்பவர்கள் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம், அலர்ஜி உள்ளவர்கள் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

சிப்ஸ்தான் வேண்டும் என்று அலையவும் தேவையில்லை. இந்த குக்கீயைப் பிரபலமாக்கிய ரூத் வேக்ஃபீல்டு அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் விட்மன் ஊரில் டோல் ஹவுஸ் என்ற விடுதியை நடத்தியவர். 1930களில் அவர் முதலில் செய்தபோது சிப்ஸ் என்று ஒரு பொருளே கடையில் கிடையாது, சாக்லேட் கட்டியைத்தான் நறுக்கிப் போட்டார். பாலில்லாத டார்க் சாக்லேட் கட்டி ஒன்று வாங்கிக் கத்தியால் நறுக்குங்கள். பெரிய துண்டு, சின்னத் துண்டு, தூள் என்று கலந்து விழும், தூள் மாவோடு உருகிக் கலந்து ஒவ்வொரு கடியிலும் சாக்லேட் இருக்கும். அது சிப்ஸில் வராது.

கேள்வி: மெல்பர்னில் இருக்கிறேன். விடுமுறையில் சென்னை வந்தபோது குளூட்டன் ஃப்ரீ ஓட்ஸ் என்று பாக்கெட்டில் பார்த்தேன். இங்கே அப்படிப் பார்த்ததே இல்லை. குக்கீயில் போடலாமா?

அங்கே பார்க்கவே முடியாது, ஏனென்றால் ஆஸ்திரேலியாவில் ஓட்ஸைக் குளூட்டன் ஃப்ரீ என்று விற்கச் சட்டமே அனுமதிப்பதில்லை. மற்ற உணவுகளுக்கும் அங்கே கெடுபிடி அதிகம், சோதனையில் குளூட்டன் தென்படவே கூடாது. ஓட்ஸில் கோதுமைக் குளூட்டன் கிடையாது, அதற்கென்று வேறு ஒரு புரதம் இருக்கிறது. சீலியாக் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு அது ஒன்றும் செய்வதில்லை, சிலருக்கு மட்டும் ஒத்துக்கொள்ளாது. சாதாரண ஓட்ஸில் வயலிலிருந்து ஆலை வரை கோதுமை கலந்துவிடுவது தனிப் பிரச்சினை. டாக்டர் சரி என்று சொல்லாமல் போடாதீர்கள்.

கேள்வி: எனக்கு அடிக்கடி வயிறு உப்புகிறது. கோதுமையை நிறுத்திப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். எடையும் குறையுமாமே? (சேலம் வாசகர்)

நிறுத்துவதற்கு முன்னால் பரிசோதனை செய்துவிடுங்கள். கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எடுத்தால்தான் சீலியாக் ரத்தப் பரிசோதனை சரியாகக் காட்டும். நிறுத்திச் சில மாதம் கழித்துப் போனால் நோய் இருந்தும் இல்லை என்று வந்துவிடலாம், அப்புறம் உறுதிசெய்ய மறுபடியும் கோதுமை சாப்பிடச் சொல்வார்கள். எடைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மேலே சொன்ன குக்கீயில் 150 கிராம் சர்க்கரை இருக்கிறது.

கேள்வி: எங்கள் வீட்டில் ஓவன் இல்லை. (திருவாரூர் வாசகி)

அடி கனமான பழைய சட்டியில் ஒரு விரல் கனத்துக்குக் கல் உப்பு பரப்பி, நடுவில் ஒரு வளையம் வைத்து, மூடிப் பத்து நிமிடம் மிதமான தீயில் சூடாக்கி, சின்னத் தட்டில் நான்கு உருண்டைகளை வைத்து உள்ளே இறக்கி, சின்னத் தீயில் 15 முதல் 20 நிமிடம். அடி சிவக்கும், மேல்பக்கம் வெளிறியே இருக்கும், ருசியில் குறை இருக்காது. குக்கரை இதற்குப் பயன்படுத்தாதீர்கள், தண்ணீரில்லாமல் காய்ந்தால் குக்கர் கெடும்.

கடைசியாக ஈரோட்டு அம்மாவுக்கு ஒரு வார்த்தை. இருபது உருண்டையையும் ஒரே நாளில் சுட வேண்டாம். உருட்டித் தட்டில் ஃப்ரீசரில் வைத்து, கல்லானதும் டப்பாவில் போட்டு மூடிவிடுங்கள், ஒரு மாதம் தாராளமாக இருக்கும். நாளைக்கு வகுப்பில் பிறந்தநாள் என்பது பெரும்பாலும் முந்தின நாள் ராத்திரிதான் தெரியவரும். காலையில் ஓவனைச் சூடாக்கி இரண்டு உருண்டையை அப்படியே உள்ளே வைத்து இரண்டு நிமிடம் கூடுதலாக விடுங்கள், தலை பின்னி முடிப்பதற்குள் ஆறிவிடும். மற்ற பிள்ளைகள் குக்கீயைப் பிரிக்கும்போது அவளும் தன் டப்பாவைத் திறக்கட்டும். தம்பிக்கு ஒன்று தனியாகச் சுட்டு வையுங்கள், அவனும் இத்தனை நாள் பழகிவிட்டிருப்பான்.